ரிஜெக்ட் அக்காவும் சிவப்புக் காரின் ஸ்டீரிங்கும்

ஒரு பொருளைக் கையில் எடுத்ததுமே அதில் என்ன கோளாறு என்று பார்க்கிற குணம் சிலருக்குக் கூடப்பிறந்தது. அவளுக்கு அது சம்பளம் வாங்கிக் கற்றுக்கொண்டது. பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருஷம் தரம் பார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். மேஜையின் இடது பக்கம் பச்சைத் தட்டு, வலது பக்கம் சிவப்புத் தட்டு. வருகிற சக்கரத்தை அளவுக்கருவியில் வைத்துச் சுற்றுவாள். முள் ஒரு மயிரிழை கூடுதலாக ஆடினால் சிவப்பில் போடுவாள். போடும்போது வாய் திறக்க மாட்டாள். மூக்கின் ஒரு ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்குவாள். மேலதிகாரி கூப்பிட்டுக் கத்துவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த மூக்கைத் தாங்க முடியாது என்று மெஷின் ஓட்டுகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அவர்கள்தான் 'ரிஜெக்ட் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். பெயர் அவள் காதுக்கு வந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, அவள் முள் ஆடும் தன் சொந்த அளவுக்கருவியை, டயல் கேஜை, துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மறுநாள் காலை கணவரின் வொர்க்‌ஷாப்புக்குப் போய், பின்பக்க மேஜைமேல் கிடந்த குப்பையை ஒரே வீச்சில் கீழே தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அதுவரை அந்த இடத்தை அவள் சரியாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். ஸ்பேனருக்குப் பதில் சுத்தியல், சுத்தியலுக்குப் பதில் இன்னும் பெரிய சுத்தியல். ஒரு பேரிங்கைக் கல்லால் தட்டி ஏற்றியிருந்தார்கள். கல் அங்கேயே கிடந்தது.

வீட்டுக்காரருக்கு வேலை தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், ஆனால் கையை முந்திக்கொண்டு வாய் போய்விடும். வண்டி உள்ளே நுழைவதற்குள் என்ன பழுது என்று சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அது தப்பென்று தெரிந்தாலும், சொன்ன பழுதைத்தான் சரிசெய்வார். வருகிறவர்களுக்கு அவரைப் பிடிக்கும். தோளில் கை போட்டுப் பேசுவார், குழந்தை என்ன படிக்கிறது என்று கேட்பார். அவர் முன்னால் நின்று பேச, அவள் பின்னால் உட்கார்ந்து செய்ய, வொர்க்‌ஷாப்புக்கு 'ஸ்டீரிங் வேலைன்னா அவர்தான்' என்று பெயர் வந்தது. அந்த 'அவர்' யார் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரிய வேண்டும் என்று இரண்டு பேருமே மெனக்கெடவில்லை. தெரிந்துகொள்கிற அளவுக்கு எவனுக்கு மூளை இருக்கிறது என்று அவள் இருந்துவிட்டாள்.

அந்தச் சிவப்புக் கார் வந்தது ஒரு புதன்கிழமை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கிய, கூரையை மடித்து வைக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். வயது ஐம்பதுக்கு மேல். பெயின்ட் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி. ஓட்டி வந்தவர் ஒரு பல் டாக்டர். தலையில் பழைய காலத்துக் கார்க்காரர்கள் போடுகிற தட்டைத் தொப்பி, கையில் விரல் தெரிகிற தோல் உறை. அவள் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள். வேஷத்தில் குறைவில்லை.

"நேரா போகுறப்ப வண்டி அலையுது சார்," என்று அவள் வீட்டுக்காரரிடம் சொன்னார் டாக்டர். "ஸ்டீரிங்கை ரெண்டு விரக்கடை திருப்பினப்புறம்தான் சக்கரத்துக்குச் சேதி போகுது. மூணு இடத்துல காட்டிட்டேன். ஒருத்தர் டயர் மாத்தினார், ஒருத்தர் அலைன்மென்ட் பண்ணினார், ஒருத்தர் ரோடு சரியில்லைன்னுட்டார்."

"ரோடு மேல பழி போட்டானா? கேட்டீங்களா கதையை," என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை பழைய கார்களோட ஊர்வலம் இருக்கு. அதுக்குள்ள வேணும்." டாக்டர் உட்கார இடம் தேடித் திரும்பினார். பின்பக்க மேஜையில் டயல் கேஜைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அவள் கண்ணில் பட்டாள். "அம்மா, ரெண்டு காபி சொல்லிடுங்க. ஒண்ணுல சக்கரை வேண்டாம்."

வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார் என்று அவள் ஒரு நொடி காத்திருந்தாள். அவர் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் கேஜை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தெருமுனைக் கடையில் சொல்லிவிட்டு வந்தாள். ஒன்றில் சக்கரை வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொன்னாள்.

டாக்டர் போன பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, வீட்டுக்காரரை ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிப் பார்த்தாள். இரண்டே நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. இந்த மாதிரி வண்டியில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. ஸ்டீரிங் தண்டின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம்; அது சுழன்று, பல் வெட்டிய ஒரு நீள இரும்புக் கம்பியை இடமும் வலமுமாகத் தள்ளும்; கம்பியின் இரு முனையும் முன்சக்கரங்களைத் திருப்பும். அந்தக் கம்பிக்குத்தான் ராக் என்று பெயர். வண்டி முக்கால்வாசி நேரம் நேராகவே போவதால் ராக்கின் நடுவில் இருக்கிற நாலைந்து பற்கள் மட்டும் உழைத்து உழைத்துத் தேய்ந்துவிடும். ஓரத்துப் பற்களோ செய்த நாளில் இருந்தபடி கொழுகொழுவென்று இருக்கும். எந்த வீட்டிலும் நடக்கிற கதைதான்.

"ராக்கைக் கழட்டணும்," என்றாள். "நடுப் பல்லு போச்சு. அந்தப் பக்கம் ராக்கைத் தாங்குற புஷ் வளையமும் போச்சு. புது ராக் வெட்டணும். மூணு வாரம் ஆகும்."

"ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிட்டேனே."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"ராக்கை அழுத்திப் பிடிக்க முதுகுப் பக்கம் ஒரு திருகு இருக்குல்ல. அதை ஒரு சுத்து இறுக்கினா ஆட்டம் போயிடும். இப்போதைக்கு ஓடட்டும், ஊர்வலம் முடியட்டும்."

"நடுவுல இருக்கிற தேய்மானத்துக்கு இறுக்கினா, ஓரத்துல முழுப் பல்லு வர்றப்போ பிடிச்சுக்கும். திருப்பினது திரும்பி வராது. நேரா போற வரைக்கும் ராஜா மாதிரி இருக்கும், வளைவுல ஆளைக் கொல்லும்."

வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அவளுக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். 'நீ சொல்வது சரி' என்று அதற்கு அர்த்தம் இல்லை; 'பேசி முடித்துவிட்டாயா' என்று அர்த்தம்.

மறுநாள் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது. குடல்வால் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும். அவள் கிளம்பிப் போனாள். மகள் கண் விழித்து, கஞ்சி குடித்து, அம்மா மடித்து வைத்த போர்வையைப் பார்த்து "நர்ஸ் மடிச்சதை எதுக்குப் பிரிச்சு மறுபடி மடிக்கிற? அவங்க கவனிக்கிறாங்கம்மா" என்று அலுத்துக்கொள்கிற அளவுக்குத் தேறிய பிறகு, சனிக்கிழமை மத்தியானம் திரும்பினாள். வொர்க்‌ஷாப்பில் சிவப்புக் கார் இல்லை.

"டாக்டர் வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டார்," என்றார் வீட்டுக்காரர், கண்ணைப் பார்க்காமல். "என்ன சந்தோஷம் தெரியுமா மனுஷனுக்கு. கத்தி மாதிரி நேரா போகுதுன்னார்."

"இறுக்கிட்டீங்க."

"கால் சுத்துதான்."

 மேஜைக்குப் போனாள். வேலைச் சீட்டுகள் ஆணியில் குத்தியிருந்தன. மேலாக டாக்டரின் சீட்டு, அதில் போன் நம்பர். போனை எடுத்து ஆறு எண் வரை அழுத்தினாள். அழுத்தும்போதே மனசுக்குள் அந்தப் பேச்சு ஓடியது. 'நான் வொர்க்‌ஷாப்பிலிருந்து பேசுகிறேன்' என்பாள். 'யாரும்மா நீங்க' என்பார். 'நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க' என்றால் 'சார் கிட்ட குடுங்க' என்பார். சார் வாங்கி, தோளில் கை போடுகிற குரலில் இரண்டு வார்த்தை பேசுவார்; முடிந்தது. தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிற ஆள். வளைவில் ஸ்டீரிங் கொஞ்சம் முறைத்தால் பயந்துபோய்த் தானே ஓரங்கட்டுவார். பட்டால்தான் புத்தி வரும், இந்த இரண்டு பேருக்கும்.

போனை வைத்துவிட்டாள். வைத்ததில் ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. அதை அவள் பிற்பாடு எவ்வளவு தேடிப் பார்த்தும் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு ரவுண்டானாவில் கார் திரும்பியது. திரும்பியது திரும்பியபடியே நின்றுகொண்டது. டாக்டர் நேர்செய்ய இழுத்திருக்கிறார், ஸ்டீரிங் அசையவில்லை. பிரேக் போடுவதற்குள் நடைபாதைக் கல்லில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியது. வேகம் அதிகமில்லை, காருக்கு ஒரு பக்க விளக்கும் மூக்கும்தான் போயிற்று. ஆனால் டாக்டர் ஸ்டீரிங்கை விடாமல் பிடித்திருந்ததால் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. பல் டாக்டருக்கு வலது மணிக்கட்டு.

திங்கட்கிழமை அவருடைய மச்சினன் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலுக்கே போய் நின்றார்.

"பழைய வண்டிங்க தம்பி. எப்ப என்ன பண்ணும்னு சொல்ல முடியாது. நான் மேல் வேலைதான் பாக்குறது. ஸ்டீரிங் உள்வேலை எல்லாம் அவங்க பொறுப்பு," என்று பின்பக்கம் கை காட்டினார்.

அவள் அந்த மேஜைக்கு வந்த ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, மூன்றாவது ஆள் ஒருவனிடம் உள்வேலை அவளுடையது என்று சொல்லிவிட்டார். மச்சினன் அவளை எரித்துவிடுவது போலப் பார்த்துவிட்டுப் போனான்.

அவள் எழுந்து கணவரிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"உங்களை நான் என்னமோன்னு நினைச்சிருந்தேன். வெறும் வாய்னு நினைச்சேன். இப்பதான் தெரியுது, அதுக்கும் கீழன்னு."

"நீயும்தான் சனிக்கிழமை வந்துட்டியே. தெரிஞ்சுதே உனக்கு. ஏன் போன் பண்ணல?"

அந்த மனிதர் வாழ்க்கையில் கேட்ட ஒரே சரியான கேள்வி அது.  ஜாக்கியை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டாள்.

ராக்கைக் கழற்ற ஒரு நாள் பிடித்தது. சக்கரத்தோடு சேரும் முனைகளை விடுவித்து, எத்தனை மரை உள்ளே இருந்தது என்று எண்ணிச் சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் எழுதினாள். ஸ்டீரிங் தண்டோடு இணையும் இடத்தில் குறி போட்டாள். சட்டத்தோடு பிடித்திருந்த இரண்டு பட்டைகளை அவிழ்த்து, முழுக் குழாயையும் வெளியே இழுத்து மேஜை வைஸின் இரும்புப் பிடியில் இறுக்கினாள். ரப்பர் உறைகள் கிழிந்து, உள்ளே தண்ணீரும் மண்ணும் புகுந்து, கிரீஸ் காய்ந்த சாணி மாதிரி ஆகியிருந்தது. இதைத் தொடாமலே டயர் மாற்றியவனை, அலைன்மென்ட் பண்ணியவனை, ரோட்டைக் குறை சொன்னவனை வரிசையாக நினைத்து வரிசையாக மூக்கைத் தூக்கினாள். பிறகு முதுகுப் பக்கத் திருகில் ஸ்பேனரை வைத்தாள். அது கால் சுற்று இல்லை. ஒன்றேகால் சுற்று. இதிலும் பொய்.

கம்பியை உருவிக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது நடுவில் ஐந்து பற்கள் பளபளவென்று, பக்கவாட்டில் பள்ளம் விழுந்து, கூர்மையாக நின்றன. இரண்டு ஓரமும் புத்தம் புதிது. அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு டாக்டரின் வீட்டுக்கு நடந்தாள். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டின் முன்னறைதான் கிளினிக். கதவில் 'மறு அறிவிப்பு வரை' என்று எழுதி ஒட்டியிருந்தது. டாக்டரின் மனைவி உள்ளே விட்டாள். டாக்டர், நோயாளிகள் சாயும் நாற்காலியில் தானே சாய்ந்திருந்தார். மாவுக்கட்டு போட்ட கையை வைத்துக்கொள்ள வீட்டில் அதைவிட வசதியான கைப்பிடி வேறு இல்லையாம். தொப்பி இல்லாத தலை பாதி வழுக்கை.

"நீங்க...?"

"ஸ்டீரிங் வேலை பாக்குறது நான்தான்."

அவள் செய்தித்தாளைப் பிரித்து, பக்கத்தில் கருவிகள் வைக்கும் தட்டில் ராக்கை வைத்தாள். அவர் இடது கையால் தடவி, பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். 

"முன்பல்லு நாலஞ்சு தேஞ்சு கத்தி மாதிரி ஆயிருக்கு. கடைவாய் அப்படியே இருக்கு. ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிறவங்க வாய் இப்படித்தான் வரும்."

"முன்பல்லுக்கு ஏத்த மாதிரி வாயை மூடினா?"

"கடைவாய் இடிக்கும். தாடை பூட்டிக்கும்." சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "அதுதான் நடந்துச்சா?"

இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொள்கிற ஆள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மூன்று மெக்கானிக்குகளுக்கும் தன் வீட்டுக்காரருக்கும் ஏறாத விஷயம், இந்தத் தொப்பிக்காரருக்கு ஒரு பார்வையில் ஏறிவிட்டது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

"சனிக்கிழமை மத்தியானமே எனக்குத் தெரியும்," என்றாள். "இறுக்கிக் குடுத்திருக்காங்கன்னு தெரியும், என்ன ஆகும்னும் தெரியும். உங்க நம்பரை எடுத்தேன். பண்ணல."

"தெரிஞ்சுமா பண்ணல?"

"ஆமா."

"ஏன்?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. அவள் பதினேழு வருஷம் ஒரு சக்கரத்தைக்கூடத் தட்டு மாற்றிப் போட்டதில்லை. "புதன்கிழமை வந்தப்போ என்னைக் காபி சொல்லச் சொன்னீங்க. அந்தக் கோபம்."

டாக்டர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். "எனக்கு ஞாபகம் இல்லையே," என்றார்.

ஒரு வாரமாக அவள் மனசுக்குள் உருட்டிப் பெரிதாக்கி வைத்திருந்த அவமானம், செய்தவருக்கு ஞாபகம்கூட இல்லை. அவள் தட்டிலிருந்த இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் தொழில்ல," என்றார் அவர் மெதுவாக, "எதிர்ல உக்காந்திருக்கிறவன் எவ்வளவு மட்டமானவனா இருந்தாலும், வாய்ல ஒரு கட்டி இருந்தா சொல்லித்தான் ஆகணும். சொல்லாம அனுப்பினா அவன் டாக்டர் இல்ல." பூதக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் இருந்த பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பது மட்டும்தான் புதிது. "வண்டியைச் சரி பண்ணிக் குடுங்க. நீங்க பண்ணுங்க. உங்க வீட்டுக்காரர் கை படக் கூடாது. இப்போ கிளம்புங்க."

புது ராக் வெட்ட அவளுக்குத் தெரிந்து ஒரே ஆள்தான் இருந்தான். பழைய தொழிற்சாலையில் பல் வெட்டும் மெஷின் ஓட்டியவன். இப்போது ஒரு சந்துக்குள் சொந்தமாக மெஷின் போட்டிருந்தான். அவன் வேலையை அவள் எத்தனை தடவை சிவப்புத் தட்டில் போட்டிருக்கிறாள் என்பதற்குக் கணக்கு இல்லை. குளித்தானா இல்லையா என்று தெரியாத ஆள், கேள்வி கேட்டால் மூன்றாவது தடவைதான் பதில் சொல்வான். வேறு வழியில்லாமல்தான் போனாள். பல்லில் மை தடவி, காகிதத்தில் அழுத்தி அச்செடுத்து, சாய்வை அளந்து, படம் போட்டு, பழைய ராக்கோடு சேர்த்துக் கொடுத்தாள். இந்த ராக்கில் பற்கள் நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வெட்டியிருக்கும்.

"அளவெல்லாம் போட்டிருக்கேன். இதுல இருக்கிறதை வெட்டினா போதும். யோசிக்க வேண்டாம்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

"அக்கா, இன்னும் வெட்டல."

"ஏன், மெஷின் படுத்துடுச்சா?"

"படத்துல சாய்வு எதிர்ப்பக்கம் போகுது. அச்செடுத்தா இடம் வலமாத்தானே விழும். அதைப் பார்த்து அப்படியே வரைஞ்சிட்டீங்க போல. இதை வெட்டியிருந்தா உங்க சின்னச் சக்கரத்தோட சேராது. இரும்பு வீண்."

அவள் அச்சுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பண்ணுகிற தப்பு. 

"சரிதான்," என்றாள். "என் தப்பு."

 கேலி வரப்போகிறது என்று காத்திருந்தாள். பழையதையெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நாள் அவனுக்கு வாய்க்காது.

"ஓரத்துப் பல்லுல நானே அளந்துட்டேன். வியாழக்கிழமை வந்து எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்த ஆள்மீது அவளுக்கு மரியாதை வந்தது. வந்தது பிடிக்கவும் இல்லை.

வியாழக்கிழமை வாங்கி வந்த கம்பியை இரண்டு முனையிலும் தாங்கி நிறுத்தி, டயல் கேஜ் வைத்து உருட்டினாள். முள் அசையவேயில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை உருட்டினாள். குற்றம் கண்டுபிடிக்க ஆசையாக இருந்தது, கிடைக்கவில்லை.

அடுத்த பத்து நாள் அவள் அந்தக் காரோடுதான் இருந்தாள். முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்த புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டு, வெண்கலத்தில் புதியது கடைந்து, ராக் எண்ணெய் தடவிய விரல் மாதிரி வழுக்கிப் போகிற வரை சீவிச் சீவிப் பார்த்தாள். சின்னச் சக்கரம் தப்பித்திருந்தது. அதன் பேரிங்குகளை மட்டும் மாற்றினாள். முனைகளில் இருக்கும் உருண்டை மூட்டுகளை, பால் ஜாயிண்டுகளை, தேய்த்துப் பொருத்தி, தன் கனத்தில் தானாகச் சாயாமலும், விரலால் தள்ளினால் அசைகிற மாதிரியும் பிடிப்பு வைத்தாள். கடைசியில் அந்த முதுகுத் திருகு. அடியில் வைக்கிற தகடு காகிதத்தை விட மெல்லிசு. ஒன்றை வைப்பாள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சுழற்றுவாள், எடுப்பாள், வேறொன்று வைப்பாள். நடுவில் ஆட்டமும் இருக்கக் கூடாது, ஓரத்தில் பிடிப்பும் இருக்கக் கூடாது. பதினோராவது தடவை சரியாக வந்தது. புது கிரீஸ், புது ரப்பர் உறை. சுவரில் எழுதியிருந்த மரை எண்ணிக்கைப்படி முனைகளை ஏற்றி, காரில் பூட்டி, நான்கு சக்கரத்தையும் சுற்றி நூல் கட்டி நேர்பார்த்தாள்.

இடையில் வீட்டுக்காரர் ஒரு தடவை பக்கத்தில் வந்து நின்றார். "ஓட்டிப் பாக்குறது நான் பாத்துடறேனே. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசினா மனசு ஆறும்."

"நீங்க பேசின வரைக்கும் போதும். வாசல்ல ஆள் வந்தா உள்ளே அனுப்புங்க. என்ன பழுதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

அவர் தலையாட்டினார். இந்தத் தடவை அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் பார்க்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

நசுங்கிய மூக்கும் உடைந்த விளக்கும் சரியாகி வர மேலும் ஒரு மாதம் ஆயிற்று. பிறகு காரை அவளே டாக்டர் வீட்டுக்கு ஓட்டிப் போனாள். மாவுக்கட்டு பிரித்துப் பட்டை போட்டிருந்தார்கள். அவர் பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ரவுண்டானாவுக்குப் போங்க," என்றார்.

தெரு நீளத்துக்கு ஸ்டீரிங் அவள் கைக்குள் உயிரோடு இருந்தது. விரலை அசைத்தால் சக்கரம் அசைந்தது. ரோட்டில் கிடந்த சின்னக் கல்கூட உள்ளங்கைக்கு வந்து சேதி சொன்னது. ரவுண்டானாவில் முழுசாகத் திருப்பினாள். திரும்பியது. விட்டாள். தானாக நேரே வந்தது. இரண்டாவது சுற்றும் சுற்றினாள். டாக்டரின் இடது கை கதவைப் பிடித்திருந்த பிடி இரண்டாவது சுற்றிலும் தளரவில்லை. விளக்குக் கம்பத்தில் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"வண்டி வாங்கின அன்னிக்குக்கூட இப்படி இருந்ததில்லை," என்றார். "வேலையில குறை சொல்ல ஒண்ணுமில்லை." பிறகு பட்டை போட்ட கையைத் திருப்பிக் காட்டினார். அது பாதி வரைதான் திரும்பியது. "இதுக்கு மேல வராதுன்னுட்டாங்க. கடைவாய்ப் பல்லுக்கு இனிமே வேற டாக்டர்கிட்டதான் அனுப்பணும்."

அவள் சாவியை நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் அவர் கொடுத்திருக்க மாட்டார். கிளினிக்கை மறுபடி திறந்தார், பாதி நோயாளிகள்தான் வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். வருஷத்துக்கு இரண்டு தடவை கிரீஸ் வைக்க வண்டியை மச்சினனிடம் கொடுத்து அனுப்புவார். அவர் வந்ததே இல்லை.

இதனால் அவள் சாதுவாகிவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் அறியாமை. அந்த வருஷக் கடைசியில் பார்சல் வேன் ஓட்டுகிறவன் ஒருவன் வந்தான். ஹாரன் வேலை செய்யவில்லை என்று வந்தவன். அடியில் எட்டிப் பார்த்தவள், சக்கரத்தைப் பிடிக்கும் ஜாயிண்ட் கழன்று விழுகிற நிலையில் தொங்குவதைக் கண்டு சொன்னாள்.

"ஹாரனைப் பாருன்னா சக்கரத்தைப் பாக்குற. ஆளைப் பாத்தா ஏமாளி மாதிரி தெரியுதா? பதினஞ்சு வருஷமா ஓட்டுறேன்," என்று கத்திவிட்டு, ஹாரனும் பார்க்காமல் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிற ஜன்மம். தலைக்குள் அந்த வேனில் இருந்ததை விடக் காலி இடம் அதிகம்.

அவன் வேலைச் சீட்டில் இருந்த நம்பருக்கு அவள் மூன்று தடவை போன் போட்டாள். இரண்டு தடவை எடுக்கவில்லை, மூன்றாவது தடவை எடுத்துக் கட் பண்ணினான். கையைக் கழுவிக்கொண்டு, பஸ் பிடித்து, பார்சல் ஆபீஸ் பின்பக்கம் வேன்கள் நிற்கிற இடத்துக்குப் போனாள். அவன் நாலு பேரோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டாங்கப்பா, வீடு தேடி வந்துட்டாங்க. தொழில் அவ்வளவு டல்லா?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"என்கிட்ட செய்ய வேண்டாம். எங்க வேணா செய். முன்பக்கம் இடது சக்கரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு தடவை ஆட்டிப் பாரு. நீ பாக்குற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

வெயிலில் நின்றாள். அவர்கள் சிரித்து முடித்தார்கள். அவன் சலித்துக்கொண்டு எழுந்து போய், குனிந்து, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான். சக்கரம் கதவு மாதிரி ஆடியது. அப்படியே குந்தியபடி இருந்தான். திரும்பி அவளைப் பார்க்கவில்லை, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எப்பேர்ப்பட்ட மடையன் என்று நினைத்துக்கொண்டே அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.